டிக்கெட் விலையின் கணக்கைக் காட்டுங்கள்

நெடுந்தூர விமானங்களை இயக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதம் ஓர் இரவு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி நேரப் பயணம். முன்பெல்லாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போவோம். இந்தத் தடவை பிள்ளைகள் தாத்தா பாட்டியைப் பார்த்து நான்கு வருடம் ஆகிவிட்டது. நான்கு பேருக்கு என்று தேடியதும் வந்த விலையைப் பார்த்து மலைத்துப்போனேன். ஏதோ தோன்ற, அதே விமானத்தில் ஒருவருக்கு மட்டும் தேடினேன். தலைக்கு ஆகும் கட்டணம் நன்றாகவே குறைந்தது. இருவருக்கும் அதே விலை. மூவருக்கும் அதே விலை. நான்கு என்று போட்ட உடனே நால்வருக்கும் ஏறிவிட்டது.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஒரே எகானமி வகுப்பைப் பல கட்டணப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் இத்தனை இருக்கை என்று வைத்திருக்கிறீர்கள். கீழ்ப்படியில் மூன்றே இருக்கை மிச்சமிருந்தால், நான்காமவருக்காக மற்ற மூவரையும் மேல்படிக்கு ஏற்றிவிடுகிறது உங்கள் கணினி. அந்த மூன்று இருக்கைகளும் அங்கேதான் இருக்கின்றன. எங்களுக்கு அதைச் சொல்வதில்லை.

மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து வாங்கலாம்தான். அப்படி வாங்கினால் இரண்டு முன்பதிவு எண்கள். நடுவில் ஒரு விமானம் ரத்தானால் மூவரை ஒன்றிலும் ஒருவரை இன்னொன்றிலும் மாற்றி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். என் மகளுக்கு எட்டு வயது. கூடுதல் விலையையே கட்டினேன்.

உங்களுக்குச் செலவு ஏறவில்லை என்று சொல்ல வரவில்லை. எரிபொருளே பெருஞ்செலவு; தூரம் கூடக்கூட, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானங்கள் இப்போது 13 மணி நேரம் சுற்றிப் போகின்றன. 2020-இல் வரவேண்டிய புதிய நெடுந்தூர விமானமான போயிங் 777எக்ஸ் 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. புதிய விமானம் வராமல் இருக்கைகளின் எண்ணிக்கை ஏறாது. அது ஏறாமல் விலை இறங்காது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் 2025 முதல் இரண்டு விழுக்காடு மாற்று எரிபொருள் கலக்கவேண்டும், அதுவும் விலை அதிகம். எல்லாம் சரி. இதில் எது என் டிக்கெட்டில் எவ்வளவு என்றுதான் கேட்கிறேன். கணக்கைக் காட்டுங்கள்.

கேட்க எங்களுக்குக் காரணம் இருக்கிறது. 2004 ஆகஸ்டுக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில் போட்டி நிறுவனங்களான பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும், எரிபொருள் விலையைக் காட்டி டிக்கெட்டில் தனியாக ஏற்றும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைப் பற்றிச் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டன. நெடுந்தூர இருவழி டிக்கெட்டில் 5 பவுண்டாக இருந்த அந்தக் கட்டணம் 60 பவுண்டாயிற்று. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2007-இல் அமெரிக்காவில் 30 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அன்று டிக்கெட் வாங்கியவர்களும் எண்ணெய் விலைதான் ஏறிவிட்டது என்று நம்பித்தானே கட்டியிருப்பார்கள்?

வெளிப்படையாகச் சொல்ல முடியாது என்றும் இல்லை. ஜப்பானின் இரண்டு பெரிய நிறுவனங்கள் சிங்கப்பூர்ச் சந்தையின் சராசரி எரிபொருள் விலையை வைத்து, எந்த விலைக்கு எவ்வளவு கூடுதல் கட்டணம் என்று அட்டவணை போட்டு வெளியிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகின்றன. விலை வரம்புக்குக் கீழே இறங்கியபோது அந்தக் கட்டணத்தை அறவே நீக்கியும் இருக்கின்றன. அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை?

பள்ளிக்கூடம் மூடும் தேதியை நாங்கள் மாற்ற முடியாது. அந்தத் தேதியில் விலை ஏற்றினாலும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு கட்டணம், பெட்டிக்கு ஒரு கட்டணம், தேதி மாற்ற ஒரு கட்டணம். எட்டு வயதுப் பிள்ளை தாயின் பக்கத்தில் உட்காருவது எப்படிக் கூடுதல் வசதியாகும்? இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததிலிருந்து விலகிவிட்டேன். விலையைக் குறையுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எரிபொருள் கூடுதல் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதை வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு விடுமுறைக்கான முன்பதிவைச் சீக்கிரமே திறப்பீர்கள். நான்கு பேருக்குத் தேடும்போது, மூன்று இருக்கை இந்த விலையில், நான்காவது அடுத்த விலையில் என்று திரையில் காட்டி, நால்வரையும் ஒரே முன்பதிவு எண்ணில் வாங்க விடுங்கள். தயவுசெய்து அதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நான்கு டிக்கெட் வாங்கிய ஒரு தாய்