கொழுந்து லொறியும் எம்.பி.ஏ. விண்ணப்பமும்

அன்புள்ள மச்சான்,

ஹட்டனில் மூன்று நாளாக விடாத மழை. உன் கடிதமும் பாதி நனைந்துதான் வந்தது. பதுளையில் வெயில் காய்கிறது என்று எழுதியிருக்கிறாய், கொடுத்துவைத்தவன்.

மகன் எம்.பி.ஏ.வுக்கு வெளிநாட்டில் இடம் தேடுகிறான், என் மகள் எப்படி எடுத்தாள் என்று கேட்டிருந்தாய். கிடைத்த கதையை விட, கிடைக்காத கதைதான் உனக்குப் பிரயோசனம். போன வருடம் நாலு பிஸ்னஸ் ஸ்கூலுக்குப் போட்டாள். நாலும் கைவிரித்துவிட்டன.

பரீட்சைதான் காலை வாரியது என்று முதலில் நினைத்தோம். ஜிமேட் என்கிற அந்த நுழைவுப் பரீட்சை 2023 கடைசியில் மாறிவிட்டது, தெரியுமா? கட்டுரை இல்லை, கேத்திரகணிதம் இல்லை. மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். புள்ளி 205 முதல் 805 வரை. பழைய 700க்குச் சமம் இப்போது 645 அளவில், ஆகவே யாராவது பழைய கணக்கைச் சொன்னால் மகன் பயப்பட வேண்டாம். கணிதத்தில் இவள் கெட்டிக்காரிதான். அட்டவணை, வரைபடம் பார்த்துப் பதில் சொல்லும் பகுதியில் 20 கேள்விக்கும் நேரம் போதாமல் திணறினாள். இரண்டாம் தடவை அதை மட்டும் மணிக்கூட்டை வைத்துப் பழகினாள், புள்ளி ஏறியது. வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் இங்கே காற்றடித்தால் கரண்ட் போய்விடும், அதனால் கொழும்புக்கே அனுப்பினேன்.

ஆனால் மச்சான், புள்ளி வாசலைத்தான் திறக்கும். உள்ளே விடாதது அவள் எழுதிய கட்டுரை. போன வருடக் கட்டுரையை இப்போது வாசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'இலங்கையின் பொருளாதாரத்தை மாற்றியமைப்பேன்' என்று தொடங்கியிருந்தாள். மத்திய வங்கி ஆளுநர் கூட அப்படி எழுத மாட்டார். தோட்டத்து லய வீட்டில் பிறந்ததையும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்ப்பதையும் ஒரு வரியில் ஒளித்துவிட்டாள்.

இந்தத் தடவை லொறிக் கதையை எழுதினாள். அவள் வேலை பார்க்கும் ஸ்டோர் சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து வாங்குவது. கடைசி ஊர்ச் சாக்குகள் பின்னேரம் வரை ரோட்டோரம் கிடக்கும். சாக்குக்குள் கையை விட்டால் சுடும், நடுவில் கொழுந்து சிவந்திருக்கும். சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது, தோட்டக்காரருக்கு விலையும் விழும். இவள் ஒரு வாரம் லொறியில் ஏறிப் போய் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரம் குறித்தாள். தூரத்து ஊருக்கு முதலில் போய்த் திரும்பும் வழியில் மற்றதை ஏற்றலாம் என்று டிரைவர் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்தாள். நேர்முகத்தில் அரை மணி நேரம் இதைத்தான் கேட்டார்களாம். டிரைவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றுகூட.

சிபாரிசுக் கடிதத்திலும் முதல் தடவை பிழை விட்டோம். தலைமை அலுவலகப் பெரியவர் ஒருவரிடம் போனோம். 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்' என்றார். எழுதினாள், அவரும் வைத்தார். அது யாரையும் பற்றிய கடிதமாக இருக்கவில்லை. இந்த வருடம் தினமும் அவளைத் திட்டுகிற ஸ்டோர் மேனேஜரே எழுதினார். அவள் பிடிவாதக்காரி என்றும் எழுதியிருந்தாராம்.

உன் மகன் வங்கியில் சேர்ந்து இரண்டு வருடம்தானே? எம்.பி.ஏ.வுக்குச் சேருகிறவர்கள் பெரும்பாலும் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். அவசரமில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கட்டும். போடுவதானால் செப்டெம்பரில் முடியும் முதல் சுற்று, தவறினால் ஜனவரி. நாங்கள் போன தடவை கடைசிச் சுற்றில் போட்டோம். அதற்குள் இடமும் புலமைப்பரிசிலும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

ஆகஸ்டில் மகள் போகிறாள். அதற்கு முன் உன் மகன் எழுதியதை அனுப்பு, பார்த்துச் சொல்வாள். வீட்டிலும் எல்லோரும் சுகம், முழங்கால் வலி மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஒன்று. தன்னைப் பற்றி என்ன எழுதினாள் என்று டிரைவர் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். போன ஞாயிறு தேத்தண்ணீர் கொடுத்துத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பின்னேரம் நாலு மணி வரை சாக்கு கிடந்தது என்ற இடத்தில் நிறுத்தினார். "நாலு இல்லைங்க, நாலரை. பாப்பா எனக்காக அரை மணி குறைச்சுப் போட்டிருக்கு" என்றார்.

உன் பழைய கூட்டாளி