கேபிள் கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று இரவு 11 மணிக்கு அந்த ஃபைல், ராஜ்ஜியம் ஆளும் க்ரூசேடர் கிங்ஸ் வீடியோ கேமில் நான் சேமித்து வைத்திருந்த ஆட்டம், திறந்தது. வரைபடத்தில் என் நிறம் குமரியிலிருந்து நர்மதை வரை அப்படியே இருந்தது. தேதி 1449. கை நடுக்கத்தில் ஸ்பேஸ் பாரில் விரல் பட்டு ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட, பதறிப்போய் நிறுத்தினேன். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? ராணிப்பேட்டைக்குக் கணக்கு எழுதப் போகும் முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

லேப்டாப் செத்து, ஏழு மாத ஆட்டத்தின் ஒரே சேவ் அதன் டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட இந்தப் பத்து நாள் கதை உங்களுக்கே தெரியும், புலம்பலைக் கேட்டதே நீங்கள்தான். அதை மறுபடி ஓட்டப் போவதில்லை. லேப்டாப்பைப் பார்த்த கடைக்காரர் சொன்ன வார்த்தையையும் விட்டுவிடுகிறேன். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அது ஒரு செத்த டிஸ்க்.

நான் சொல்ல வந்தது சத்துவாச்சாரியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்காவைப் பற்றி. கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட். அந்தக் கடையை ஆயிரம் தடவை தாண்டியிருப்பேன், உள்ளே போனது இரண்டு தடவை. நேற்றும் ஜெராக்ஸ் எடுக்கத்தான் போனேன். மேஜையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சின்னதாக ஒரு கேபிள் செருகியிருந்தது. "அக்கா, இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். "எதுக்குப்பா வாங்கற? எட்த்துட்டு வா, இங்கயே மாட்டிப் பாக்கலாம்" என்றார்.

ஏழரைக்கு மாட்டினோம். டிஸ்க் தெரிந்தது, ஃபோல்டர் தெரிந்தது, காப்பி போட்டால் பாதியில் அறுந்துபோனது. ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுதான் அந்த ஃபைல். மூன்று தடவை அறுந்தது. அக்கா டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதுப்பா, அதான்" என்று சொல்லி, தன் முகத்துக்கு நேராக ஓடிய டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டார். வேலூரில் மே மாதம் ஃபேனைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒரு சாம்பிள் பத்திரிகையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார். வீட்டிலிருந்து போன். "ஒரு தம்பியோட ராஜ்ஜியம் மாட்டிக்கிச்சு, எட்த்துக் குடுத்துட்டு வர்றேன். சாம்பார் இருக்கு, நீங்க சாப்டுங்க" என்றார்.

நான் அதுவரை ராஜ்ஜியம் என்றே சொல்லவில்லை. 'ஒரு முக்கியமான ஃபைல்' என்று மழுப்பியிருந்தேன். முப்பத்திரண்டு வயதில், வீடியோ கேம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் திரையில் ஃபைல் பெயரைப் படித்திருக்கிறார். சோழன் என்று நான்தான் பெயர் வைத்திருந்தேன். சரி, இனி மறைத்து என்ன என்று எல்லாம் சொன்னேன். 1066இல் வீரராசேந்திரனாகத் தொடங்கியது, 1453இல் ஆட்டம் முடிந்துவிடும் என்பது, அயர்ன்மேன் என்றால் ஒரே ஒரு சேவ்தான் என்பது. வேசல் என்று நான் சொன்னதை அவர் வாசல் என்று கேட்டுக்கொண்டு, "வாசல் ஏன் கலகம் பண்ணுது?" என்றார். சிற்றரசன் என்று சொன்னதும் புரிந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "எங்க அம்மா ஊரு மேல்பாடி. ராஜராஜன் தாத்தாவுக்குக் கட்டுன கோயிலு இருக்கு, பாத்துகீறியா?" என்று கேட்டார். இல்லை. காட்பாடி தாண்டிக் கொஞ்ச தூரம்தான், இத்தனை வருஷத்தில் போனதில்லை. ஆற்றூர்த் துஞ்சின, அதாவது ஆற்றூரில் இறந்த, அரிஞ்சயனுக்குப் பேரன் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, நினைவுக் கோயில், அது. 949இல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்த பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் இறந்துபோக, அதன் பிறகு தம்பிகள் கைக்கு மாறிய முடியில் கொஞ்ச காலமே இருந்தவர் அரிஞ்சயன். என் ஆட்டத்தில் அப்படிக் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போனவர்கள் ஒன்பது பேராவது இருப்பார்கள், ஒருவர் பெயரும் நினைவில்லை. அதில் இரண்டு பேரை, நாடு துண்டாகக் கூடாது என்று நானே ஆள் வைத்து முடித்தேன். அக்காவிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

பத்து இருபதுக்கு ஃபைல் முழுசாக வந்தது. காசு வாங்கவில்லை, ஜெராக்ஸுக்கு மட்டும் ஆறு ரூபாய் வாங்கினார். "வேற ஏதாச்சும் எடுக்கணும்னா இதையும் கொண்டு போப்பா, மெதுவா குடு" என்று கேபிளையும் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தம்பியின் கம்ப்யூட்டரில் ஆட்டத்தை இறக்கிவிட்டு, ஃபைலை அதன் இடத்தில் வைத்தேன். மீதிதான் முதல் பத்தி.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். மூன்று மகன்களுக்கும் பங்கு பிரிந்து, காவிரிக்கரை ஒருவனுக்கும் தொண்டை நாடு இன்னொருவனுக்கும் போன அன்று, ரினவுன் என்ற வம்சப் புகழ்ப் புள்ளிகளைச் செலவழித்து ஒரு மகனின் வாரிசுரிமையை நீக்கலாம் என்று சொல்லிக் கொடுத்த ஆம்பூர் நண்பர். பேரரசுப் பட்டத்துக்கு அந்தப் பேரரசுக்குரிய நிலத்தில் எண்பது சதவீதம் வேண்டும், அவசரப்பட்டுப் பொன்னைக் கரைக்காதே என்று திட்டிய குடியாத்தம் சார். ராத்திரி ஒரு மணிக்கு "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் அனுப்பிய திருப்பத்தூர் தம்பி. கம்ப்யூட்டரை விட்டுக் கொடுத்த என் சொந்தத் தம்பி. எல்லோருக்கும் நன்றி.

நிஜ வீரராசேந்திரன் 1070இல் இறந்தார். மகன் அதிராசேந்திரன் சில மாதம்தான் தாங்கினார், அப்புறம் வேங்கியிலிருந்து வந்த குலோத்துங்கன் அமர்ந்துவிட்டார். நான் அந்தக் குலோத்துங்கனை வரவிடாமல் தடுத்துவிட்டதாக ஏழு மாதமாகப் பெருமை பேசியிருக்கிறேன். கடைசியில் அத்தனையும் ஒரு டேபிள் ஃபேன் காற்றில் பிழைத்திருக்கிறது.

மிச்சம் நான்கு வருடத்தை இந்த வாரம் முடித்துவிடுவேன். ஃபைலை மூன்று இடத்தில் வைத்தாயிற்று, யாரும் கேட்க வேண்டாம். அடுத்த ஆட்டம் சோழன் இல்லை. சோழருக்கு அடங்கி இருந்து, அவர்கள் தளர்ந்ததும் படைவீடு என்ற ஊரில் தனியாக நிமிர்ந்த சம்புவராயர் மாதிரி, நம் பக்கத்துச் சிற்றரசன் ஒருவனாகத் தொடங்கப் போகிறேன். கலகம் செய்யும் வாசலாக.

ஞாயிற்றுக்கிழமை மேல்பாடி. அதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலம் ஆற்காட்டில் இறங்கி அரை கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, ஏழு மணிக்குள் சத்துவாச்சாரி போய்ச் சேர வேண்டும். கேபிள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.