ஸ்டெம் கோப்புகள் கெட்டுப் போவதும், லீஸ் பீட்டுகள் கன்டென்ட் ஐடியில் ஏறியதும்: புகார்

அனுப்புநர்:
தனித்து இயங்கும் ஹிப் ஹாப் பீட் தயாரிப்பாளர்கள் மூவர்,
சென்னை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பீட் விற்பனைத் தள நிறுவனம்.

பொருள்: நாங்கள் ஏற்றிய கோப்பு ஒன்று, வாங்குபவர் கைக்குப் போவது வேறொன்று, எங்கள் அனுமதி இல்லாமல் பீட்டுகளை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பதிந்த ஒலி எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் அமைப்பு) பதிந்தது – இரண்டையும் சரிசெய்யக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் தளத்தில் ஆண்டுச் சந்தா கட்டி, மூன்று தனிக் கணக்குகளில் பீட் (ராப் பாடுவதற்கான பின்னணி இசை) விற்று வருகிறோம். எங்களிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் எந்த லேபிளும் பின்னால் இல்லாமல், சொந்தக் காசில் பாட்டு வெளியிடும் தமிழ் ராப் பிள்ளைகள். மூன்று கணக்கிலும் கோளாறு ஒன்றே என்பதால் கடிதமும் ஒன்றாகவே எழுதுகிறோம். இதற்கு முன் உதவி மையத்துக்கு எழுதியபோதெல்லாம் "பிரவுசரை மாற்றிப் பாருங்கள்", "வாங்கியவரின் மென்பொருளைச் சோதியுங்கள்" என்றே பதில் வந்தது. கோளாறு உங்கள் சர்வரில் இருக்கிறது. எந்த இடத்தில், எப்படி என்று சோதித்துக் கீழே எழுதியிருக்கிறோம். இதை அப்படியே உங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் கொடுக்கலாம்.

முதலில் ஸ்டெம். கிக், ஸ்னேர், ஹாட் என்ற டிரம் ஒலிகள், 808 என்ற ஆழ்ந்த பேஸ், மெலடி என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கும் என்பதற்காகத்தான் ஒருவர் எம்பி3 லீஸைவிட (லீஸ் என்பது பீட்டைப் பயன்படுத்தும் உரிமம்) பல மடங்கு விலை கொடுத்து ஸ்டெம் லீஸ் வாங்குகிறார். அந்தக் கோப்புகள் எல்லாம் முதல் பாரிலேயே (பார் என்பது நான்கு அடி கொண்ட தாள அளவு) தொடங்க வேண்டும். எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒலி அளவை ஏற்றி இறக்கும் எல்லா ஃபேடரையும் பூஜ்யத்தில் வைத்து ஓட்டினால் நாங்கள் போட்ட மிக்ஸ் அப்படியே வர வேண்டும். இதை நம்பித்தான் மிக்ஸ் என்ஜினியர் குரலுக்கு இடம் ஒதுக்குகிறார்.

இணைப்பில் உள்ள பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி), 72 பார், 3 நிமிடம் 12 விநாடி, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு). கிக், ஸ்னேர், 808 மூன்றும் மோனோ. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27.6 எம்பி. ஹாட், சாம்பிள் சாப் (வெட்டியெடுத்த ஒலித் துண்டுகள்), பறை, டிரம் பேரலல் பஸ் (டிரம்மை அழுத்திக் கூடுதலாகச் சேர்க்கும் கோப்பு) நான்கும் ஸ்டீரியோ, ஒவ்வொன்றும் 55.3 எம்பி. உங்கள் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை எங்கள் மூலக் கோப்போடு வைத்து, ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்பி இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். இரண்டும் ஒன்றேயானால் ஒலி முழுவதும் அறுந்து நிசப்தமாக வேண்டும். கிக்கும் ஸ்னேரும் அப்படியே அறுந்தன. ஸ்டீரியோ கோப்பு ஒன்றுகூட அறுபடவில்லை. ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெறும் காலி. வேவ் என்ற பெயரில் வருவது எம்பி3-ஆக ஒருமுறை நசுக்கி மறுபடி வேவ் ஆக்கிய கோப்பு. வெவ்வேறு அளவுகளில் கோப்புகளை ஏற்றிப் பார்த்ததில், 50 எம்பி-யைத் தாண்டும் கோப்புக்கு மட்டுமே இது நடக்கிறது.

மேல் அலைவரிசை போனதைக்கூடச் சில காதுகள் கவனிக்காமல் விடலாம். நேரம் நகர்ந்ததை எந்தக் காதும் விடாது. எம்பி3 என்கோடர் (வேவை எம்பி3 ஆக்கும் மென்பொருள்) தன் வேலைக்காகக் கோப்பின் தலையில் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும். லேம் என்ற என்கோடரில் அது 576 சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய நேர அலகு). எம்பி3-ஐத் திரும்ப விரிக்கும் டிகோடர் பக்கம் இன்னொரு 529. ஆக 1105 சாம்பிள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற குறிப்பை லேம் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைக்கிறது. டிகோடர் அதைப் படித்தால் கோப்பு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். உங்கள் சர்வர் படிப்பதில்லை. முதல் சாம்பிளிலேயே ஒரே ஒரு கிளிக் மட்டும் உள்ள 60 எம்பி சோதனைக் கோப்பை ஏற்றி இறக்கினோம்: கிளிக் சரியாக 1105 சாம்பிள் தள்ளி வந்து நின்றது. 48 கிலோஹெர்ட்ஸில் அது 23 மில்லிசெகண்ட்.

23 மில்லிசெகண்ட் என்றால் பாட்டில் என்ன ஆகிறது என்பதையும் சொல்கிறோம். 90 பிபிஎம்-இல் பதினாறில் ஒரு பங்கு நோட்டின் நீளம் 166.7 மில்லிசெகண்ட். அந்த பீட்டின் ஹாட்டுக்கு 54 சதவீத ஸ்விங் வைத்திருக்கிறோம். அதாவது ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது ஹாட் 13.3 மில்லிசெகண்ட் பின்னால் விழும். அந்தப் பீட் தலையாட்ட வைப்பதே இந்தப் பதின்மூன்றால்தான். ஒரு மாலை முழுக்க 53-ஆ, 54-ஆ, 56-ஆ என்று கேட்டு முடிவு செய்யும் விஷயம் இது. உங்கள் சர்வர் அதைவிடப் பெரிய நகர்வை எல்லா ஹாட்டுக்கும், பறைக்கும், சாப்புக்கும் கொடுத்துவிட்டு, கிக்கையும் ஸ்னேரையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. கிக்கும் ஹாட்டும் ஒன்றாக விழ வேண்டிய முதல் அடி 'டக்' என்பதற்குப் பதில் 'ட-டக்' என்று இரண்டாக உடைகிறது. பறையில் அது இன்னும் அசிங்கமாகக் கேட்கிறது. குச்சி தோலில் படும் அந்தக் கூர்மைதான் அடியின் நேரத்தைச் சொல்வது. அது ஸ்னேருக்குப் பின்னால் இழுபட்டு, தாளம் தெரியாதவர் அடித்தது போல ஆகிவிடுகிறது.

பேரலல் பஸ்ஸில் நடப்பது வேறு. அதில் இருப்பதும் அதே கிக்தான், கம்ப்ரஸரில் அழுத்தியது. மோனோ கிக்கோடு சேர்ந்து அடிக்கு எடை கொடுக்க வைத்தது. ஒரே ஒலி 23 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு முறை வரும்போது, 21.7 ஹெர்ட்ஸில் தொடங்கி 43.4 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அலைகள் ஒன்றையொன்று அறுக்கும். இரண்டாவது பள்ளம் விழுவது 65 ஹெர்ட்ஸில். அந்தக் கிக்கை நாங்கள் டியூன் செய்திருப்பது சி-க்கு, அதுவும் 65 ஹெர்ட்ஸ்தான். எடை கூட்ட வைத்த கோப்பே எடையைத் தின்றுவிடுகிறது. "கிக்கில் அடிவயிறு இல்லையே" என்று மிக்ஸ் என்ஜினியர் ஈக்வலைஸரில் 60 ஹெர்ட்ஸைத் தூக்குகிறார், இன்னும் தூக்குகிறார். பள்ளம் நிரம்பாது, சுற்றியுள்ளவை மட்டும் வீங்கும். கடைசியில் "பீட் மோசம்" என்று எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் விழுகிறது.

மேலே சோதனை முடிவில் 808-ஐக் குறிப்பிடாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அது மோனோ, நசுங்கவில்லை. ஆனால் கோப்பின் தலையில் உள்ள நிசப்தத்தை உங்கள் சர்வர் வெட்டிவிடுகிறது. தலையில் நிசப்தம் உள்ள எல்லாக் கோப்புக்கும் இது நடக்கிறது; முதல் அடியிலேயே தொடங்கும் கிக்கும் ஸ்னேரும் தப்பின. எங்கள் 808 ஒன்பதாவது பாரில்தான் நுழைகிறது. அதற்கு முந்தைய எட்டுப் பார், 21.3 விநாடி, வேண்டுமென்றே விட்ட காலி இடம். வெட்டிய கோப்பை ஒருவர் முதல் பாரில் இழுத்துப் போட்டால், அறிமுக இசையிலேயே 808 உறுமத் தொடங்குகிறது. அதையாவது ஒன்பதாவது பாருக்கு நகர்த்திச் சமாளிக்கலாம். நான்காவது அடிக்குச் சற்று முன்னால், கட்டத்தில் பிடிபடாத ஓர் இடத்தில் எடுக்கும் குரல் சாப்பை எங்கே வைப்பது? மூலம் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. வாங்கியவர் ஊகித்துத்தான் வைக்க வேண்டும்.

ஒலி அளவை நீங்கள் தொடவில்லை. கோப்புக்குக் கோப்பு தனியாக நார்மலைஸ் செய்து ஒலியை உச்ச அளவுக்கு ஏற்றியிருந்தால் மிக்ஸின் விகிதமே போயிருக்கும். அது நடக்காதது நல்லது.

சேமிப்பு இடம்தான் உங்கள் சிக்கல் என்றால் அதற்கு ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. 24 பிட் கோப்பை ஒரு பிட்கூட இழக்காமல் சுருக்கும். திருப்பி விரித்தால் ஒரு சாம்பிள்கூட நகராது. ஸ்டெம்மில் பெரும்பகுதி நிசப்தம் என்பதால் முழு மிக்ஸைவிட நன்றாகவே சுருங்கும். எம்பி3-ஐக் கேட்டுப்பார்க்க மட்டும் வையுங்கள்.

இனி கன்டென்ட் ஐடி. எங்களுக்கு ஸ்டெம்மைவிட அதிக மனக்கசப்பைத் தந்தது இதுதான்.

தளத்தைப் புதுப்பித்தபோது, 'வருமானம் ஈட்டு' என்ற பொத்தானை எல்லாக் கணக்குகளிலும் நீங்களே போட்டுவிட்டீர்கள். அதன் பொருள், எங்கள் பட்டியலில் உள்ள பீட்டுகள் அத்தனையும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் குறிப்புக் கோப்பாக (மற்ற வீடியோக்களோடு ஒப்பிடும் மாதிரியாக) ஏறிவிட்டன என்பது. குறிப்புக் கோப்பு கொடுப்பவருக்கு அந்த ஒலியின் மீது பிரத்தியேக உரிமை இருக்க வேண்டும் என்பது யூடியூப் விதி. உங்களோடு நாங்கள் செய்திருக்கும் ஒப்பந்தம் பீட்டைக் காட்சிக்கு வைக்கவும் விற்கவும் மட்டும். அதில் பிரத்தியேகம் என்ற சொல்லே கிடையாது. லீஸ் என்பதே ஒரே பீட்டை ஒரே நேரத்தில் பலருக்குக் கொடுப்பது. அப்படி விற்ற ஒன்றைப் பிடித்து, அதே ஒலி எங்கே கேட்டாலும் க்ளெய்ம் (உரிமைக் கோரிக்கை) போடு என்று இயந்திரத்திடம் சொன்னால், அது முதலில் பிடிப்பது யாரை? காசு கொடுத்து வாங்கியவரைத்தான். திருட்டாக எடுத்தவருக்கும் ரசீதோடு நிற்பவருக்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

எங்கள் பீட்டுகள் சிலவற்றில் காசு கொடுத்து வாங்கிய லூப் பேக்கிலிருந்து (ஆயத்த இசைத் துண்டுகளின் தொகுப்பு) எடுத்த வீணைத் துண்டுகள் உண்டு. அந்த லூப்பைப் பாட்டில் சேர்க்க உரிமம் இருக்கிறது. தன்னுடையது என்று பதிய உரிமை இல்லை. அதே லூப்பை உலகில் எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் பதிந்ததால், எங்களைக் கேள்விகூடப் படாதவர்களின் வீடியோவிலும் எங்கள் பெயரில் க்ளெய்ம் நிற்கிறது. இது எங்களையே லூப் உரிமத்தை மீறியவர்களாக ஆக்கியிருக்கிறது.

ராப்பருக்கு என்ன ஆகிறது என்றால், க்ளெய்ம் விழுந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டால்தான் முதல் நாளிலிருந்து வரும் விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான். அதன்பின் பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள். உங்கள் பக்கம் யாருமே பார்க்காததால் அந்த 30 நாளும் ஓடி முடிந்து, க்ளெய்ம் தானாகக் காலாவதியாகிறது. லேபிள் இல்லாத ஒருவரின் பாட்டுக்கு ஓட்டம் இருப்பதே பெரும்பாலும் முதல் சில வாரங்கள். அந்த வாரங்களில் "எனக்கு வித்துட்டு என் மேலயே க்ளெய்ம் போடுறீங்களா அண்ணா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அந்தப் பிள்ளை உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. பீட் விற்ற எங்களைத்தான் பார்க்கிறது.

லீஸ் எடுத்தவரே தன் பாட்டை வேறு டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாகக் கன்டென்ட் ஐடியில் பதிந்து, அதே பீட்டை எடுத்த இன்னொருவர் மாட்டிக்கொள்ளும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. அதைத் தடுக்க எங்கள் லீஸ் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு விதியே எழுதி வைத்திருக்கிறோம்: "இந்த பீட் உள்ள பாட்டைக் கன்டென்ட் ஐடியிலோ அதுபோன்ற அமைப்பிலோ பதியக் கூடாது." வாங்குபவரைக் கையெழுத்துப் போட வைக்கும் விதியை விற்பனைத் தளமே உடைத்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 30-ஆவது பிரிவு, உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இதற்கு நாங்கள் எழுத்தில் எதுவும் தரவில்லை.

கூடவே ஒன்று. பீட்டை ஒருவருக்கு மட்டுமே விற்கும் உங்கள் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்த மாதிரியில், இசையமைத்தவர் தன் ராயல்டி முழுவதையும் வாங்குபவருக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் 18-ஆவது பிரிவு அதை அனுமதிக்கவில்லை. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்த ராயல்டி உரிமையைக் கொடுக்க முடியாது. மாதிரியை நம்பி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவதால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

நாங்கள் கேட்பது இவை. ஏற்றிய ஸ்டெம் ஒரு பைட்கூட மாறாமல் வாங்குபவருக்குப் போக வேண்டும். இரு பக்கமும் சரிபார்க்க ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண் (கோப்பின் கைரேகை போன்றது) காட்ட வேண்டும். தலை நிசப்தத்தை வெட்டுவதை நிறுத்த வேண்டும். ஏற்கெனவே கெட்ட கோப்பு வாங்கியவர்கள் அனைவருக்கும், பதிவிறக்கக் கணக்கில் கழிக்காமல், சரியான கோப்பை நீங்களே அனுப்பி, தவறு தளத்தினுடையது என்று எழுத வேண்டும். ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளில் இந்தக் கோளாறால் விழுந்தவற்றை நீக்க வேண்டும். எங்கள் மூன்று கணக்குகளின் குறிப்புக் கோப்புகள் அனைத்தையும் கன்டென்ட் ஐடியிலிருந்து எடுத்து, நிலுவையில் உள்ள க்ளெய்ம்களை விடுவிக்க வேண்டும். எந்தெந்த வீடியோ, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை என்ற பட்டியல் எங்களுக்கு வேண்டும். எங்கள் கணக்கில் ஏறிய பங்கும், நீங்கள் பிடித்துக்கொண்ட பங்கும், இரண்டும் அந்த ராப்பர்களுக்கே திரும்பப் போக வேண்டும். எங்கள் பங்கைத் தர நாங்கள் தயார். இனி அந்தப் பொத்தான் அணைந்தே இருக்கட்டும். போட வேண்டுமானால் பீட் பீட்டாகத் தயாரிப்பாளர் போட்டுக்கொள்வார்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இது எங்கள் சுயதொழில், பிழைப்பு. ஆகவே "வணிகப் பயன்பாடு" என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து எங்களை விலக்க முடியாது. அந்த ஒரு மாதத்துக்குள் தீராவிட்டால், 1915 உதவி எண்ணில் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.

மூலக் கோப்புகள், உங்கள் தளத்திலிருந்து இறக்கியவை, கிளிக் சோதனைக் கோப்பின் இரு வடிவங்கள், ஸ்பெக்ட்ரம் படங்கள், க்ளெய்ம் அறிவிப்புகள், எங்கள் லீஸ் ஒப்பந்தம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். உங்கள் என்ஜினியர் நேரில் கேட்க விரும்பினால் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்கள் மூவர்