சி மொழிக்கு ஒரு நல்ல பார்வை நூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகள் சி என்ற கணினி நிரல்மொழிக்கான புத்தகம் தேடிக் கடைகளுக்குச் செல்லும் காலம் இது. பாலிடெக்னிக் ஒன்றில் அந்த மொழியை இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் புத்தகங்களைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்ற வாரம் என் தங்கை மகள் புதிதாக வாங்கிய தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதிலுள்ள முதல் நிரலையே லினக்ஸ் இயங்கும் அவளுடைய மடிக்கணினி ஏற்கவில்லை, 'கோனியோ.எச்' என்ற கோப்பே இல்லை என்று பிழை காட்டியது. தவறு அவளுடையதன்று. அந்தக் கோப்பு சி மொழியின் தரநிலையில், அதாவது மொழியின் விதிகளை வகுக்கும் அதிகாரபூர்வ ஆவணத்தில், ஒருபோதும் இடம்பெற்றதில்லை; டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து டர்போ சி போன்ற கம்பைலர்களுடன் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்களுடன்) வந்த தனிச் சரக்கு அது. 'வாய்டு மெயின்' என்று நிரலைத் தொடங்குவதும் அப்படியே. நானும் பல ஆண்டுகள் அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தேர்வுக்குப் படிக்கும் பாடப்புத்தகமும், ஐயம் எழும்போது திறந்து பார்க்கும் பார்வை நூலும் வேறு வேறு. முன்னதில் விளக்கமும் பயிற்சியும் இருந்தால் போதும். பின்னதில், ஒரு செயற்கூறு (function) எதைப் பெற்றுக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது, தோற்றால் என்ன செய்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியவேண்டும். அதற்குக் கடைசிப் பக்கங்களில் ஒழுங்கான சொல்லடைவு வேண்டும். எண்ணூறு பக்கப் புத்தகத்துக்கு இரண்டே பக்கச் சொல்லடைவு இருந்தால், அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து 1978-இல் எழுதி, 1988-இல் திருத்திய நூல் முந்நூறு பக்கங்களைத் தாண்டாது. அதன் பின்னிணைப்பில் உள்ள மொழி விளக்கமும் நூலகச் செயற்கூறுகளின் தொகுப்பும் இன்றும் பார்வை நூலுக்கு இலக்கணமாகத் திகழ்கின்றன. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. இரட்டைச் சாய்கோட்டுக் (//) குறிப்புரை முதலியவை 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் சேர்ந்தன. உள்ளீட்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொள்ளும் 'கெட்ஸ்' என்ற செயற்கூறு 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் நீக்கப்பட்டது. 1988 நவம்பரில் அமெரிக்கக் கணினி வலையமைப்பை முடக்கிய மோரிஸ் புழு என்ற, தானாகவே கணினிக்குக் கணினி பரவும் நிரல் நுழைந்த வழிகளுள் ஒன்று இந்தக் 'கெட்ஸ்' திறந்துவைத்த ஓட்டைதான். தங்கை மகளிடம் ரிட்சி, கெர்னிகன் நூலின் என்னுடைய பழைய பிரதியைக் கொடுத்தபோது, பின்னிணைப்பில் 'கெட்ஸ்' பற்றிய வரியைப் பென்சிலால் அடித்துவிட்டே கொடுத்தேன். அவள் வாங்கிவந்த புதிய புத்தகமோ, பெயரை உள்ளிடும் ஒவ்வொரு நிரலிலும் அதையே பயன்படுத்துகிறது.

வாங்கும் முன் வேறோர் இடத்தையும் புரட்டிப் பார்க்கலாம். 'இன்ட்' என்ற முழு எண் வகையின் உச்ச மதிப்பு 32767 என்று மட்டும் போட்டிருந்தால் அது பதினாறு பிட் காலத்துப் புத்தகம். தரநிலை அந்த எண்ணைக் குறைந்தபட்ச எல்லையாகவே வகுத்திருக்கிறது. இன்றைய மடிக்கணினிகளில் உச்சம் பெரும்பாலும் 2147483647. இன்னும் மோசமானது, ஒரே கோவையில் (expression) ஒரு மாறியின் மதிப்பை இருமுறை மாற்றிவிட்டு 'விடை என்ன?' என்று கேட்கும் வினா. அதற்குத் தரநிலை எந்த விடையையும் வகுக்கவில்லை. கம்பைலருக்குக் கம்பைலர் விடை மாறலாம். அதற்கு ஒரே விடையை அடித்துச் சொல்லும் புத்தகத்தை எழுதியவர் தரநிலையைத் திறந்து பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. 2011 தரநிலையை வகுத்த குழுவின் வரைவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்கக் கடினமானதுதான், ஆனால் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் அந்தக் காரணம் பொருந்தாது.

ஆகவே, நிரல்மொழி நூல்களை வெளியிடும் பதிப்பகங்கள், எந்த ஆண்டுத் தரநிலையைப் பின்பற்றி நூல் எழுதப்பட்டது, எந்தக் கம்பைலரில் நிரல்கள் இயக்கிப் பார்க்கப்பட்டன என்பதை முகப்பின் பின்பக்கத்திலேயே அச்சிடவேண்டும். மறுஅச்சைப் புதிய பதிப்பு என்று குறிப்பிடுவதையும் கைவிடவேண்டும். மாவட்ட நூலகங்களும் கல்லூரி நூலகங்களும் ஒரே பாடப்புத்தகத்தில் ஐம்பது பிரதிகள் வாங்கும்போது, அதனுடன் உண்மையான பார்வை நூல் இரண்டு பிரதிகளையாவது வாங்கி, இரவல் தராமல், கணினிகளுக்கு அருகிலேயே வைக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர்,
ஈரோடு.