ஒரே ராத்திரியில் படிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வுக்கு முதல் நாள் ஃபிளாஸ்க் நிறையக் காபியோடு உட்கார்ந்து, விடியும்வரை உருப்போடுகிறான் என் மகன். மறு வாரம் கேட்டால் திருதிருவென விழிக்கிறான். சரி, அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பாதிக்குமேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவியது. மிச்சம் மெதுவாகத்தான் கரைந்தது. ஒரே மூச்சில் படிப்பதைவிட, சில நாட்களாகப் பிரித்துப் படித்தபோது குறைந்த உழைப்பே போதுமாயிருந்தது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலைத் தினமும் கூட்டமாக ஒப்பிக்கவைத்தார்கள். (பிரம்படியை நான் ஆதரிக்கவில்லை!) இப்போதோ நடத்தி முடித்த பாடம் தேர்வில்தான் மறுபடி தலைகாட்டுகிறது. வகுப்பு தொடங்கும்போது போன வாரப் பாடத்தில் நாலு கேள்வி கேட்டால் என்ன?

– ஒரு தகப்பன், மதுரை