ஜெபக்குறிப்பு நோட்டில் இன்னும் மூன்று கட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் எந்தச் சபையின் பொதுக்குழுவில் போய் உட்கார்ந்தாலும் இரண்டு குரல்கள் கேட்கும். "ஜெபக் கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது, ஏழைக்கு உதவி எங்கே?" என்பார் ஒருவர். "சபை என்ன தொண்டு நிறுவனமா? முதலில் முழங்காலில் நில்லுங்கள்" என்பார் இன்னொருவர். இந்த வழக்கு வருடக்கணக்கில் தீராமல் கிடப்பதற்கு நாங்கள் காணும் காரணம் மிகச் சின்னது. ஜெபத்தில் சொல்லப்படும் தேவை, உதவி செய்யக்கூடியவரின் கைக்குப் போய்ச் சேர யாரும் வழி போட்டு வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் பெட்டி, பக்கத்தில் துண்டுத்தாள், நூலில் கட்டிய பேனா. "மகனுக்கு வேலை", "அம்மாவுக்கு ஆப்பரேஷன்", "வீட்டுக் கடன்" என்று எழுதிப் போடுகிறார்கள். ஒருவர் வாசிக்கிறார், எல்லாரும் ஆமென் சொல்கிறார்கள். பிறகு சீட்டுகள் ரப்பர் பேண்டுக்குள் போய், ரப்பர் பேண்ட் அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த வெள்ளி புதுச் சீட்டுகள் வரும். அந்த அம்மாவுக்கு ஆப்பரேஷன் நடந்ததா, ரத்தம் தேவைப்பட்டதா, துணைக்கு ஆள் இருந்ததா என்று கேட்க யாருமில்லை.

பல சபைகளில் ஜெபக்குறிப்பு நோட்டு என்று ஒன்று உண்டு. அதில் தேதி, பெயர், குறிப்பு என மூன்று கட்டங்கள் இருக்கும். இன்னும் மூன்று போட வேண்டும்: யார் போவது, போன தேதி, அடுத்து என்ன. நான்காவது கட்டத்தில் ஓர் ஆளின் பெயர்தான் வர வேண்டும். "கமிட்டி பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் போகமாட்டார்கள். "பெண்கள் ஐக்கிய சங்கம்" என்று எழுதினாலும் அதே கதிதான். ஜெபம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் போன வாரப் பக்கத்தை வாசிக்க வேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் பெயர்கள் மறுபடி ஜெபத்துக்கு வரும். போகாதவரும் அதே அறையில்தான் இருப்பார். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

இதெல்லாம் நிர்வாகம், ஆவிக்குரிய காரியம் ஆகாது என்பவர்கள் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆதிச் சபையில், அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கைகளையும் வைத்தார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் சாப்பாட்டுப் பங்கீடு "விசாரணை" என்றும், வசனம் போதிப்பது "ஊழியம்" என்றும் வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் தியாகோனியா என்ற ஒரே சொல்தான். தமிழில் பிரிந்தது நம் மனதிலும் பிரிந்துபோயிற்று. மேடையில் பேசுபவர் ஊழியக்காரர், ஸ்டோர் ரூமில் அரிசி அளப்பவர் வெறும் உதவியாள்! அப்படி அளப்பவர்மேல் கைவைத்து ஜெபித்த சபை நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கும்?

பெயர்ப் பட்டியலின் பலம் கடலோரத்தாருக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்று கத்தோலிக்கப் பங்குகளில் ஊர்வாரியாகத் திரட்டிய பட்டியல்தான், காணாமல் போனவர்களைப் பற்றிப் பேச ஆதாரமாக நின்றது. கோவிலில் அழுது ஜெபித்த அதே பெயர்களைத்தான் அதிகாரிகள் முன்னாலும் வைத்தார்கள். கோட்டாறு மறைமாவட்டத்தில் சுமார் முப்பது வீடுகளை ஓர் அன்பியமாகப் பிரித்து வைத்திருப்பதால் இப்படிப்பட்ட கணக்கு எளிதாகிறது. முப்பது வீட்டில் யார் படுக்கையில், யார் கடலில் என்பது கேட்காமலே தெரியும். முந்நூறு, நானூறு குடும்பமுள்ள சீர்திருத்த சபைகளுக்கும் இந்தப் பிரிவு உதவும். சீர்திருத்த சபையார்போல் ஜெபம் என்று எழுதுவதா, கத்தோலிக்கர்போல் செபம் என்று எழுதுவதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மருத்துவமனைச் சந்திப்பு. நல்ல எண்ணத்தோடு போய் அதிகம் கெடுப்பது இங்கேதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை வார்டுக்கு எட்டுப் பேர் வேன் பிடித்துப் போகத் தேவையில்லை, இரண்டு பேர் போதும். கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான வின்சென்ட் தே பால் சபையார் 1833 முதல் இருவர் இருவராகத்தான் வீடு தேடிப் போகிறார்கள். மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க இயக்கத்திலும் அதே வழக்கம். பார்வை நேரத்தில் போங்கள், கை கழுவுங்கள், கட்டிலில் உட்காராதீர்கள், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். ஜெபம் இரண்டு நிமிடம், பக்கத்துக் கட்டில்காரர் விழிக்காத குரலில். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்பதைவிட "ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது பயன். பதில் "யாருமில்லை" என்றால், நோட்டின் நான்காம் கட்டத்துக்கு வேலை வந்துவிட்டது.

கையில் கொண்டுபோகும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் நோயாளி என்றதும் இளநீர், செவ்வாழை, நேந்திரன் பழம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவருக்கு இவை ஆபத்து. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சபையார் அன்போடு நீட்டும்போது நோயாளியால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பழத்துக்கு ஆகும் காசை பஸ் கட்டணமாகக் கவரில் வைத்துக் கொடுப்பது நல்லது. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போய்வருகிற செலவுதான் அந்த வீட்டை அரிக்கிறது.

வீட்டில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வேறு விதமான உதவி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பு, குதிகால், பிட்டத்தில் படுக்கைப்புண் வரும். பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ எத்தனை இரவு விழித்திருப்பார்? வாரத்தில் ஒரு பகல் மூன்று மணி நேரம் மாற்றாள் அமர்த்தினால் அவர் குளித்து, தூங்கி, ரேஷன் கடைக்குப் போய்வருவார். வீட்டு ஜெபத்தைச் சிலர் அந்த நேரத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல வழி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். படுத்திருக்கும் முதியவருக்காக அந்தப் பதிவைச் செய்துகொடுப்பதும் சபை வேலைதான்.

சபைக்கு ஒரு வீல்சேர், இரண்டு வாக்கர், ஒரு காற்று மெத்தை இருந்தால் பத்து வீட்டுக்குப் பயன்படும். சிக்கல் என்னவென்றால், நோயாளி இறந்தபின் பொருளைத் திருப்பிக் கேட்க இவர்களுக்கும் கூச்சம், கொடுக்க அவர்களுக்கும் மறதி. கொடுக்கும்போதே நோட்டில் எழுதி, நினைவு ஆராதனை முடிந்த வாரம் எடுத்துவருவோம் என்று சொல்லிவிட வேண்டும். கடலோரச் சபைகளில் இன்னொன்று: உப்புக்காற்றில் வீல்சேர் ஒரே வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை அச்சில் எண்ணெய் விட்டுத் துணி போர்த்தி வையுங்கள்.

உபவாசத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவரும் சர்க்கரை மாத்திரை எடுப்பவரும் மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தால், பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கும். அதை ஆவியின் அசைவு என்று யாராவது சொல்வதற்கு முன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற வேண்டும்; நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதே காரணத்தால் உபவாச நாளில் ரத்ததான முகாம் வைக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தால் மயக்கம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்து வெள்ளியில் "தியாகத்தின் அடையாளமாக" முகாம் என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. 18 முதல் 65 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 என்பது குறைந்தபட்ச அளவு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம், தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால், வருடத்தில் ஒரே நாள் நூறு பேர் வரிசையில் நிற்பதைவிட, ரத்தவகை வாரியாக ஒரு பட்டியல் வைத்து, கூப்பிட்டால் வருகிற இருபது பேர் இருப்பது மேல்.

கைப்பிடி அரிசி நம் சபைகளின் பழைய பழக்கம். உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்றால் ஒரு வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ, அறுபது வீட்டில் 90 கிலோ. அந்தப் பிடியை எடுக்கும்போது சொல்லும் ஒரு வரி ஜெபமும் சேர்ந்துதான் அந்த வழக்கம். ஆனால் சம்பா, புழுங்கல், ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து வருவதால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. இரண்டு மாதம் கிடந்தால் வண்டு விழும். ஏலம் போட்டுப் பணமாக்குவதே சரி. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். இன்று ஏழை வீட்டில் முதலில் தீர்ந்துபோவது அரிசியாக இருக்காது. மருந்து, கேஸ் சிலிண்டர், பெரியவர்களுக்கான டயப்பர், பிள்ளையின் பஸ் பாஸுக்குப் போட்டோ எடுக்கும் காசு, இப்படி எதுவாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்து கொடுக்க வேண்டும். பணத்தை இருவர் எண்ணி இருவர் கையெழுத்திடுவதும், வாங்குபவரை பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிக்காமல் இருப்பதும் சொல்லாமலே விளங்க வேண்டியவை. அப்படியும் விளங்குவதில்லை. நோயின் பெயரை மைக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதும் இதே ரகம், சீட்டிலேயே "பொதுவில் வாசிக்கலாமா?" என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டால் தீர்ந்தது.

ஜெபம் மருந்துக்கு எதிராக நிற்கும் இடங்களில் சபை வாய் திறக்க வேண்டும். காசநோய் மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். "சுகம் கிடைத்தது" என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்தினால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பி வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். பல வருடம் தினமும் குடித்தவரை ஜெப வீட்டில் தங்கவைத்துச் சட்டென்று நிறுத்தச் செய்வது இதைவிட ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதன்பின் நடுக்கத்தோடு மனப்பிறழ்வும் வரலாம்; சிலர் இறந்தும் போகிறார்கள். முதல் வாரம் மருத்துவமனையில், அடுத்த ஆறு மாதம் ஜெபக்குழுவில் என்பதே பாதுகாப்பான வரிசை. மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஜெப அறைச் சுவரில் வசனத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வைக்கலாம்.

நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கிய திருச்சபையின் வாரிசுகளுக்கு இதில் எதுவும் புதிதல்ல. முழங்காலில் நிற்பவர்கள்தான் அதிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலும் நிற்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஜெபம் இல்லாத உதவிக்குழு இரண்டு வருடத்தில் தலைவர் பதவிக்குச் சண்டை போட்டுக் கலைந்ததும் எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கன்வென்ஷன் கூட்டம், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, திருவிழாக் கொடியேற்றம் என்று சனிக்கிழமைகளில் அறிவிப்புகள் வருகின்றன. அந்தப் பத்திக்குக் கீழே நான்கு வரி ஒதுக்கித் தாருங்கள். எந்தச் சபையில் வீல்சேர், காற்று மெத்தை இரவலுக்கு இருக்கிறது, எந்த ரத்தவகை தேவை, அரசு மருத்துவமனையின் பார்வை நேரம் என்ன என்று போட்டால் போதும். தகவலை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவைக்க எல்லாச் சபைகளின் செயலர்களையும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சபைச் சேவைக்குழுவினர் சிலர்,
நாகர்கோவில்