ஸ்டேஷன் இல்லாத இடத்துச் சத்தம்

குன்னூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணி,

போன வாரம் குட்டிப்பயலைத் தூங்க வைத்துக்கொண்டே வீடியோவில் பேசினாயே, அப்போது பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. லைன் சரியில்லை என்றுதான் நினைத்தேன். பிள்ளை தூங்குவதற்காகப் போனில் போட்டு வைத்திருக்கும் சத்தம் அது என்று நீ சொன்ன பிறகுதான் புரிந்தது. "உங்க கடையிலே கேட்ட சத்தம் மாதிரியே இருக்குல்லப்பா?" என்று சிரித்தாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எட்டு வயதில் இதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து, ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு செட்டில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தாய். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் உஸ்ஸென்று இரைந்தது. "இங்கே யாருப்பா பேசறாங்க?" என்றாய். "யாருமில்லை, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அப்படித்தான் சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டு நான் சால்டரிங் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பதில் தப்பு. சரியான பதிலை இப்போது எழுதுகிறேன், பையன் வளர்ந்து கேட்கும்போது உனக்கு உதவும்.

அந்த இரைச்சலில் பல சத்தங்கள் கலந்திருக்கின்றன. செட்டுக்குள் இருக்கும் பாகங்களே கொஞ்சம் இரையும். பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் போகும் ஸ்கூட்டர், எங்கோ வெட்டும் மின்னல், எல்லாமும் உண்டு. எது உள்ளே பிறந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பார்க்க எங்களிடம் ஒரு சுலபமான வழி இருந்தது. ஏரியல் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இரைச்சல் சட்டென்று அடங்கினால், அடங்கிய அந்தப் பங்கு வெளியிலிருந்து வந்தது. சிற்றலையின் மேல் கோடியில், 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஊர் அடங்கிய ராத்திரியில் அப்படிச் செய்து பார்த்தால், அடங்கும் இரைச்சலில் பெரும் பங்கு பால்வீதியிலிருந்து வருவது. வருஷக்கணக்காக அதைத்தான் நான் 'வெறும் சத்தம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், ஹோல்ம்டெல் என்ற ஊரில், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளைஞர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோவில் டெலிபோன் பேசும்போது குறுக்கே வரும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கிட்டத்தட்ட என் வேலை மாதிரிதான். 30 மீட்டர் நீளத்தில் ஒரு ஏரியல் கட்டி, அதை ஃபோர்டு கார் சக்கரங்கள் மேல் ஏற்றி, 20 நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்ற விட்டார். அதில் அவர் பிடித்த ரேடியோ அலையின் நீளம் 14.6 மீட்டர். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் பிரித்துக் குறித்துக்கொண்டார். மூன்றாவதாக ஓர் இரைச்சல் மிச்சம் இருந்தது. மெதுவாக, ஒரே சீராக வந்தது.

1931 டிசம்பர் வாக்கில் அது சூரியன் இருக்கும் திசையிலேயே இருந்தது. சூரியன்தான் போடுகிறது என்று நினைத்தார். மாதங்கள் போகப் போக அது சூரியனை விட்டு விலகியது. தினமும் 4 நிமிஷம் முன்னதாக வந்தது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பி வந்தால் அது சூரியனோடு சேர்ந்தது. 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு முறை வந்தால் அது நட்சத்திரங்களோடு சேர்ந்தது. அது வந்த திசை தனுசு ராசி, அதாவது பால்வீதியின் மையம். நம் பாட்டிக்கு இது ஆச்சரியமாகவே இருந்திருக்காது. மார்கழியில் சூரியன் தனுசில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். டிசம்பரில் இரண்டும் ஒரே திசையில் இருந்ததால்தான் ஜான்ஸ்கி முதலில் சூரியன் என்று ஏமாந்தார்.

1933-ல் அதை உலகத்துக்குச் சொன்னார். அப்புறம் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். 1950-ல் 44 வயதில் போய்விட்டார். இன்று வானத்து ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கே அவர் பெயர்தான், ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு ஆற்றவேயில்லை.

அந்தச் சத்தத்தை யார் போடுகிறார்கள் என்றுதானே கேட்டாய்? எலக்ட்ரான்கள். பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறும்போது அந்த இடங்களில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு உந்தப்படுகின்றன. பால்வீதி முழுக்க மெல்லிய காந்தப்புலம் பரவியிருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டு சுருள் சுருளாகச் சுற்றிப் போகும்போது அவை ரேடியோ அலையை உதறிக்கொண்டே போகின்றன. காசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் அப்படி வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சம் இருக்கிறது. ஏறக்குறைய 11,000 ஒளியாண்டு தூரம். கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியாது, ரேடியோவில் வானத்திலேயே மிகப் பிரகாசமானவற்றில் அதுவும் ஒன்று.

சத்தமே போடாது என்று நாம் நினைக்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயுவும் பேசுகிறது, 21 சென்டிமீட்டர் அலையில். ஒரு தனி அணு சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு முறைதான் வாய் திறக்கும். ஆனால் எண்ண முடியாத அத்தனை அணுக்கள் இருப்பதால் எப்போதும் கேட்கிறது. 1951-ல் ஹார்வர்டில் யூவன், பர்செல் என்ற இருவர் ஒட்டுப்பலகையில் கொம்பு மாதிரி ஓர் ஏரியல் செய்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்து அதைப் பிடித்தார்கள்.

அதே ஹோல்ம்டெல்லில் 1964-ல் பென்சியாஸ், வில்சன் இருவருக்கும் தீராத ஓர் இரைச்சல். எந்தத் திசையில் திருப்பினாலும், எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒரே அளவு. ஏரியலுக்குள் புறா எச்சம் கிடந்தது, அதைக் கழுவித் துடைத்தும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் அது பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம், 1,380 கோடி ஆண்டுப் பழையது. நம் பழைய டிவியில் சேனல் இல்லாதபோது புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதிலும் இதற்கு மிகச் சிறிய பங்கு உண்டு.

இவ்வளவும் படித்த பிறகுதான் ஊட்டிப் பக்கத்து முத்தொரை எனக்கு உறைத்தது. ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பாலாடா பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தி மலைச்சரிவைக் காட்டினேனே, "இவ்வளவு பெரிய வேலி யாருக்குப்பா?" என்று கேட்டாய். அது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 வளைந்த சட்டங்கள் மேல் 1,100 எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி தலைமையில் இங்கேயே வடிவமைத்து 1970-ல் முடித்தார்கள். ஏன் நம் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? வடக்கு தெற்காக 11 டிகிரி சரியும் மலை வேண்டியிருந்தது. ஊட்டி இருக்கும் அட்சரேகையும் 11 டிகிரி. அந்தச் சரிவில் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அப்புறம் ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரே இடத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிக்கொண்ட மூளை அது.

அவர்கள் செய்த வேலையும் அழகு. ரேடியோ அலை வீசும் தூரத்துப் பொருள் ஒன்றை நிலா நகர்ந்து வந்து மறைக்கும். மறையும் அந்த நொடியையும், எப்படி மங்கி மறைகிறது என்பதையும் பதிவு செய்தால், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். நிலாவைத் திரையாக வைத்து அளந்தார்கள். நான் கடையில் உட்கார்ந்து இரைச்சலைக் குறைக்கப் பாடுபட்ட அதே வருஷங்களில், சில கிலோமீட்டர் தள்ளி அந்த இரைச்சலை அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு நாளாவது போய் விசாரித்திருக்கலாம்.

இப்போது மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் கம்பம் நட்டு, ஏழு மீட்டர் கம்பி இழுத்து, நடுவில் வெட்டி, கேபிள் சேர்த்திருக்கிறேன். வியாழனைப் பிடிக்கத்தான். அதன் நிலா அயோ எரிமலையாய்க் கக்கிக்கொண்டே வியாழனின் காந்தப்புலத்துக்குள் சுற்றுகிறது. அதனால் கிளம்பும் ரேடியோ வெடிப்பு சாதாரணச் சிற்றலைப் பெட்டியிலேயே கேட்கும். சில நேரம் கடல் அலை கரையில் விழுவது போல, சில நேரம் சோளம் பொரிவது போல. 1955-ல் பர்க், ஃபிராங்க்ளின் இருவரும் இதை முதலில் கேட்டபோது ஏதோ வண்டியின் ஸ்பார்க் பிளக் தொந்தரவு என்றே நினைத்தார்களாம். போன செவ்வாய் பின்னிரவு மூன்று மணிக்கு எனக்கு அலை மாதிரி ஏதோ ஏழெட்டு நிமிஷம் கேட்டது. வியாழன்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தேதி, நேரம் எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. உனக்குப் பிடித்த வரிக்கி வாங்கி அனுப்பச் சொன்னாள், நாளை பார்சல் போடுகிறேன்.

டிசம்பரில் வரும்போது பிள்ளையைத் தூங்க வைக்கப் போனில் சத்தம் போட வேண்டாம். பழைய செட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஏரியலை மாட்டி, 20 மெகாஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்தித் தருகிறேன், அதைக் கேட்டுத் தூங்கட்டும்.

அன்புடன்,
அப்பா